ஆப்பிரிக்காவின் நில அமைப்பும் இயற்கைப் பகுதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், இங்கு வந்துபோகும் உறவினர்களும் இந்தக் கண்டத்தின் மலை, ஆறு, பாலை, காடு பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பக்கத்திலிருந்தே வருகின்றன. நம்மவர்களில் பெரும்பாலோர் குடியிருப்பது அங்கேதான். ஆப்பிரிக்காவின் நில அமைப்பைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ள ஏற்ற இடமும் அதுதான்.

கேள்வி: ஆப்பிரிக்காவைப் பீடபூமிக் கண்டம் என்று சொல்வது ஏன்?

ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் கண்டத்தில், ஆசியாவின் இமயமலையைப் போலவோ தென்னமெரிக்காவின் ஆண்டிஸைப் போலவோ ஒரு பெரும் மடிப்பு மலைத்தொடர் குறுக்கே ஓடவில்லை. வடமேற்கு மூலையில் அட்லஸ் மலைகளையும் தென்மேற்கு முனையில் கேப் மடிப்பு மலைகளையும் நீக்கிவிட்டால், எஞ்சியது பெரும்பாலும் மிகப் பழைய பாறைகளின் மேல் அமைந்த மேட்டுநிலமே. மணையின் மேல் வைத்த தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளலாம்: தட்டே தரையைவிட உயரத்தில் இருக்கிறது, அதன் விளிம்பு இன்னும் சற்று உயர்ந்திருக்கிறது, நடுப்பகுதி தாழ்ந்திருக்கிறது, விளிம்புக்கு வெளியே நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. கண்டத்தின் தென்பாதிக்கு இது நன்றாகவே பொருந்தும். விளிம்பு டிராகன்ஸ்பெர்க், தாழ்ந்த நடு கலஹாரி, வெளியே உள்ள குறுகிய தரை நாம் குடியிருக்கும் கடற்கரை.

அங்கோலாவின் கடற்கரையிலிருந்து எத்தியோப்பியாவின் செங்கடல் பக்கம் வரை ஒரு கோடு இழுத்தால், அதற்குத் தென்கிழக்கே உள்ள நிலம் பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேலும், வடமேற்கே உள்ளது பெரும்பாலும் அதைவிட மிகத் தாழ்ந்தும் இருப்பதைக் காணலாம். அதனால் இவற்றை உயர் ஆப்பிரிக்கா, தாழ் ஆப்பிரிக்கா என்று பிரித்துச் சொல்வது வழக்கம். தென்பாதி இவ்வளவு உயர்ந்து நிற்பதற்கு, அதன் அடியில் மிக ஆழத்தில் உள்ள வெப்பம் மிகுந்த கவசப் பகுதி (பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறை அடுக்கு) நிலத்தை மேல்நோக்கித் தாங்குவதே காரணம் என்று புவியியலாளர் பலர் கருதுகின்றனர்.

கேள்வி: டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் என்னென்ன நிலப்பகுதிகளைக் கடக்கிறோம்?

கண்டத்தின் குறுக்குவெட்டையே கடக்கிறோம். என்-3 நெடுஞ்சாலையில் தூங்காமல் வருபவருக்கு நிலவியல் பாடம் தனியாகத் தேவையில்லை.

முதலில் கடலோரப் பட்டை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில் இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் பெரும்பாலும் இந்தப் பட்டையிலேயே அமர்த்தப்பட்டனர். கரும்புக்கு உறைபனி ஆகாது. உறைபனி விழாத, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் நிலம் கடலையொட்டிய இந்தத் துண்டில்தான் இருந்தது. டோங்காட், வெருலம், ஸ்டாங்கர், உம்சின்ட்டோ என்று நம்மவர்களின் பழைய ஊர்கள் கடற்கரையோரமாகவே வரிசை பிடித்து நிற்பதற்குத் தோட்ட முதலாளிகளின் விருப்பத்தோடு நில அமைப்பும் காரணம்.

பைன்டவுனைத் தாண்டியதும் சாலை மணற்கல் மேடுகளில் ஏறத் தொடங்குகிறது. வலப்புறம் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை உம்கேனி ஆறும் அதன் கிளைகளும் வெட்டி வைத்திருக்கின்றன. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் ஒரு குழிவுக்குள் கிடக்கிறது. ஊரைவிட்டு வெளியேறியதும் ஹில்டன் ஏற்றம் வண்டியை 1,100 மீட்டர் வரை தூக்கிச் செல்கிறது. இங்கே கரும்பு மறைந்து, பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும் மாட்டுப் பண்ணைகளும் மூடுபனியும் வருகின்றன. இது நேட்டால் மிட்லாண்ட்ஸ். அதற்கப்பால் முள்மரமும் புல்லும் கலந்த நிலம் லேடிஸ்மித் பக்கம் சற்றுத் தாழ்ந்து, பிறகு வான் ரீனன் கணவாயில் 1,680 மீட்டருக்கு ஏறுகிறது. கணவாயின் உச்சியில் தாம்பாளத்தின் விளிம்பில் நிற்கிறோம். அதற்குப் பின் நிலம் பெரிதாக இறங்குவதில்லை; ஹைவெல்ட் என்னும் புல்வெளி மேட்டுநிலமாகவும் மீலீஸ் எனப்படும் மக்காச்சோள வயல்களாகவும் விரிந்து, ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோஹன்னஸ்பர்க் வரை போகிறது.

இந்த விளிம்பைக் கால்நடையாகவே ஏறிய வரலாறும் நமக்கு உண்டு. 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரும் குடும்பத்தினரும் காந்தியின் தலைமையில் சார்ல்ஸ்டவுன் வழியாக ஃபோல்க்ஸ்ரஸ்டுக்குள் நுழைந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டினர்: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். நியூகாசில் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலும் ஃபோல்க்ஸ்ரஸ்ட் 1,600 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. வரலாற்று நூல்கள் அந்த நடையின் தூரத்தைச் சொல்கின்றன. ஏற்றத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கேள்வி: டிராகன்ஸ்பெர்க் எரிமலையா, மடிப்பு மலையா?

இரண்டும் இல்லை. அது அரிப்பினால் செதுக்கப்பட்ட ஒரு மேட்டுநிலத்தின் ஓரம். கீழிருந்து பார்த்தால் மலைத்தொடராகத் தெரிவது, மேலே ஏறிப் பார்த்தால் லெசோத்தோவின் உயர்நிலத்தின் விளிம்பு மட்டுமே என்று புரியும்.

அடியில் இருப்பவை பழைய ஆற்றுப் படிவுகளும் அவற்றின் மேல் ஒரு பாலைவனக் காலத்தில் காற்று குவித்த வெளிர்நிற மணற்கல்லும். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தில் விழுந்த நீண்ட வெடிப்புகள் வழியாக எரிமலைக் குழம்பு கூம்பாகக் குவியாமல் வெள்ளம்போலப் பரவி, அடுக்கின் மேல் அடுக்காக ஏறத்தாழ 1,500 மீட்டர் தடிமனுக்கு உறைந்தது. அந்தப் பசால்ட் பாறைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், கருஞ்சாம்பல் நிறப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். குழம்பு உறைந்தபோது வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற துளைகளில் பின்னாளில் வெள்ளைத் தாதுக்கள் படிந்ததால் அவை உண்டாயின. மணற்கல் அடுக்கு பசால்ட்டைவிட எளிதில் குடையப்படுவதால் குகைகளும் பாறைத் தாழ்வாரங்களும் அந்த அடுக்கிலேயே அமைந்தன. இந்நிலத்தின் பழங்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் மிக உயரமான சிகரம் இங்குள்ள மஃபாடி, 3,450 மீட்டர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மிக உயரமான இடம் லெசோத்தோவுக்குள் இருக்கும் தபானா ந்ட்லென்யானா, 3,482 மீட்டர். ஆம்ஃபிதியேட்டர் என்னும் பாறைச் சுவரிலிருந்து துகேலா அருவி பல படிகளாக 900 மீட்டருக்கும் அதிகமாக விழுகிறது.

இதே வகை நிலம் ஆப்பிரிக்காவில் வேறிடத்திலும் உண்டு. எத்தியோப்பிய உயர்நிலம் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய குழம்பால் ஆனது; அதன் உச்சி ராஸ் டாஷென் 4,500 மீட்டரைத் தாண்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியைப் பார்த்தவர்களுக்குத் தக்காணத்தின் கரும்பாறைப் படிகள் நினைவுக்கு வரும். அவையும் இதே முறையில் உருவானவை.

கேள்வி: இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பது உண்மையா?

உண்மை. இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அன்டார்டிகா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெருநிலத்தின் பெரும்பகுதி பனிப்பாறைகளால் மூடப்பட்டிருந்தது. பனி அரைத்துத் தள்ளிய மண்ணும் பல்வகைக் கற்களும் ஒன்றாக இறுகிய ட்வைக்கா பாறை டர்பன் வட்டாரத்திலேயே வெளியில் தெரிகிறது. சாலைக்காக வெட்டிய சரிவுகளில், நீலச்சாம்பல் நிறக் களிப்பாறையில் முழங்கைப் பருமனிலிருந்து பட்டாணி அளவு வரை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கற்கள் பதிந்திருப்பதைக் கண்டால் அது இதுவாகவே இருக்கும். ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியிலும் இதே காலத்துப் பனிப்படிவு உண்டு. பனி விலகிய பின் வளர்ந்த குளோசோப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைப் படிவங்கள் இரு நாட்டு நிலக்கரிப் பாறைகளிலும் கிடைக்கின்றன. நியூகாசிலிலும் டண்டியிலும் நம் முன்னோர் வெட்டிய நிலக்கரியும், ஜார்க்கண்டின் ஜாரியாவில் வெட்டப்படும் நிலக்கரியும் ஒரே பெருநிலத்தின் காடுகளிலிருந்து வந்தவை. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை உலகம் நம்பாத காலத்தில் அதற்காக வாதாடியவர்களில் முன்னணியில் இருந்தவர் தென்னாப்பிரிக்கப் புவியியலாளர் அலெக்சாண்டர் டு டாய்ட்.

கேள்வி: அப்படியானால் குமரிக்கண்டம் ஆப்பிரிக்காவையும் தமிழகத்தையும் இணைத்த நிலம்தானே?

இல்லை. இந்தக் கேள்வியை விருப்பத்தோடு கேட்பவர்கள் பலர் என்பதால் விடையைத் தெளிவாகவே சொல்ல வேண்டும். 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் இன விலங்குகள் மடகாஸ்கரிலும் அவற்றை ஒத்தவை இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க, நடுவில் லெமூரியா என்ற நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்தார். கண்டங்கள் நகர்வது தெரிய வந்ததும் அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் சேர்ந்தே ஆப்பிரிக்காவை விட்டு விலகின. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை இரண்டும் பிரிந்தன. அப்போது மனிதன் என்ற இனமே இல்லை. மொரீசியஸின் எரிமலைப் பாறைகளுக்குள் அந்தத் தீவைவிட மிகப் பழைய சிர்க்கான் என்னும் தாது மணிகள் கிடைத்ததாக 2017இல் வெளியான ஆய்வு, உடைந்த கோண்டுவானாவின் ஒரு சிறு துண்டு அதன் அடியில் புதைந்திருப்பதைக் காட்டுகிறதே தவிர, மக்கள் வாழ்ந்த நாட்டைக் காட்டவில்லை. கடைசிப் பனியுகம் முடிந்தபின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்து உலகெங்கும் கரையோரத் தாழ்நிலங்களை விழுங்கியது. சங்க மரபில் வரும் கடல்கோள் நினைவுகளுக்கு நிலவியலில் அடிப்படை தேட விரும்புவோர் தேட வேண்டிய இடம் அது. இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதி அல்ல.

கேள்வி: கண்டத்தின் மிகப் பழைய நிலம் எது?

தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் அருகே உள்ள மக்கோன்ஜ்வா மலைகளின் பாறைகள் 320 முதல் 360 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஜோஹன்னஸ்பர்குக்குத் தென்மேற்கே உள்ள ஃப்ரெடஃபோர்ட் வட்டம், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய தழும்பு.

கேள்வி: கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு என்பது என்ன? கண்டம் உடைகிறதா?

உடைகிறது, ஆனால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். எத்தியோப்பியாவின் அஃபார் தாழ்நிலத்திலிருந்து மொசாம்பிக் வரை நிலம் இழுபட்டு, இருபுறமும் சுவர்போல நிற்க நடுப்பகுதி இறங்கிய நீண்ட பள்ளங்களே இவை. கென்யா வழியாக ஒரு கிளையும், உகாண்டா, ருவாண்டா, தான்சானியா மேற்கு எல்லை வழியாக மற்றொரு கிளையும் செல்கின்றன. இந்த விரிசல் எப்போதும் மெதுவாகவே நடப்பதில்லை: 2005 செப்டம்பரில் அஃபாரில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து, சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. அதே வட்டாரத்தில் ஜிபூட்டியின் அசால் ஏரி கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே.

பள்ளத்தில் தேங்கிய ஏரிகள் நீண்டும் ஆழ்ந்தும் இருக்கும். தங்கன்யிகா ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமும் 1,470 மீட்டர் ஆழமும் கொண்டது. ஆழத்தில் உலகில் பைக்கால் ஏரிக்கு அடுத்தது. விக்டோரியா ஏரி பரப்பில் ஆப்பிரிக்காவிலேயே பெரியதாக இருந்தும் ஆழம் 80 மீட்டர் அளவுதான், ஏனெனில் அது பிளவுக்குள் இல்லை. இரு கிளைகளுக்கும் நடுவே உள்ள மேட்டின் தாழ்வில் நீர் தேங்கி உருவானது.

கேள்வி: கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தும் பனி எப்படி?

உயரம்தான் காரணம். 5,895 மீட்டர் உயரமுள்ள இந்த எரிமலை கிபோ, மவென்சி, ஷிரா என்ற மூன்று கூம்புகளால் ஆனது. உச்சி கிபோவில் உள்ளது. 1912இல் இருந்த பனிப்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இன்று இல்லை. அடுத்த உயரமான கென்யா மலையும் (5,199 மீட்டர்) எரிமலையே. மூன்றாவதான ருவென்சோரி எரிமலை அல்ல. பிளவின் ஓரத்தில் மேலே தள்ளப்பட்ட பழம்பாறைக் கட்டி.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆறுகள் இருந்தும் கடலிலிருந்து உள்நாட்டுக்குக் கப்பல் போக முடியாதது ஏன்?

விளிம்பு மீண்டும் குறுக்கே வருகிறது. மேட்டுநிலத்தில் அமைதியாக ஓடும் ஆறு, கடலுக்கு அருகே வந்து அந்த உயரத்தை இறங்கித் தீர்க்க வேண்டியிருக்கிறது. காங்கோ நீரளவில் அமேசானுக்கு அடுத்தது, நிலநடுக்கோட்டை இருமுறை கடப்பது, உள்நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் படகு செல்ல இடம் கொடுப்பது. ஆனால் கின்ஷாசாவுக்குக் கீழே ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்குள் 270 மீட்டர் இறங்கி, கடலுக்கும் தனக்கும் நடுவே பாய்ச்சல்களை வைத்துவிடுகிறது. சாம்பேசி விக்டோரியா அருவியில் 1,700 மீட்டர் அகலத்துக்கு விழுகிறது. விழும் உயரம் 108 மீட்டர். அந்தப் பாறை டிராகன்ஸ்பெர்க் பசால்ட்டின் காலத்ததே. ஆரஞ்சு ஆறு லெசோத்தோவில், நம் பக்கத்துக் கடலுக்கு 200 கிலோமீட்டர் தொலைவில் பிறந்தும் இந்தியப் பெருங்கடலுக்கு வராமல், விளிம்பின் உட்சரிவில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. நைஜர் இன்னும் விசித்திரம்: அட்லாண்டிக்குக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் பிறந்து, சஹாராவை நோக்கி ஓடி, மாலியில் ஒரு சதுப்பு வெளியாகப் பரவி, பெரிய வளைவு போட்டு 4,180 கிலோமீட்டர் கடந்துதான் கடலுக்கு வருகிறது.

நைல் நதியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். நீளத்துக்குக் காரணம் விக்டோரியா ஏரிப் பக்கத்து வெள்ளை நைல்; எகிப்தை வாழவைத்த வெள்ளத்துக்குக் காரணம் எத்தியோப்பிய உயர்நிலத்தின் நீல நைல். நம் முன்னோர் ஊர்களுக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களே அங்கும் மழைக்காலம்.

நேட்டால் ஆறுகளுக்கு விளிம்பின் வெளிப்புறம் வாய்த்தது. உம்கேனி ஏறத்தாழ 230 கிலோமீட்டருக்குள் மலையிலிருந்து கடலுக்கு வந்துவிடுகிறது. மேலே கொட்டும் மழை சில மணி நேரத்தில் கீழே வெள்ளமாகிறது. 1917 அக்டோபரில் அது பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு ஆற்றோரத்தில் காய்கறித் தோட்டம் போட்டுக் குடியிருந்த இந்தியக் குடும்பங்களை அடித்துச் சென்றபோது, மாரிமுத்து படவட்டனும் உடனிருந்த மீனவர்களும் படகில் திரும்பத் திரும்பச் சென்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்தனர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றங்கரைத் தாழ்நிலத்திலும் செங்குத்தான மண்சரிவிலும் வீடு கட்டிக்கொள்ளும்படி ஏழைகள் தள்ளப்படும்வரை, இந்த நில அமைப்பு அவர்களையே முதலில் பலிவாங்கும்.

கேள்வி: சஹாரா முழுவதும் மணலா?

ஏறத்தாழ கால் பங்குதான் மணற்குன்று. மற்றவை கற்பரப்புகள், சரளை வெளிகள், உப்புத் தாழ்வுகள், மலைகள். டிபெஸ்டி மலைத்தொகுதியின் எமி கூசி என்னும் எரிமலை 3,400 மீட்டருக்கு மேல் உயர்கிறது; எகிப்தின் கட்டாரா தாழ்வு கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே செல்கிறது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே புல்லும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலிப் பாறைகளில் மாட்டு மந்தைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் வரையப்பட்டிருப்பது அதனால்தான். பூமியின் அச்சு திசை மாறும் சுழற்சியால் பருவமழை தெற்கே பின்வாங்கியபின் நிலம் காய்ந்தது.

கேள்வி: டர்பன் பச்சையாகவும் அதே அட்சரேகையில் மேற்குக் கரை பாலையாகவும் இருப்பது ஏன்?

கடல் நீரோட்டங்கள் இரண்டு. கிழக்கே அகல்ஹாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்திலிருந்து சூடான நீரைக் கொண்டு வருகிறது. அதன் மேலிருந்து வரும் ஈரக்காற்று விளிம்பில் மோதி ஏறும்போது மழை கொட்டுகிறது. மேற்கே பெங்குவெலா நீரோட்டம் குளிர்ந்தது. அதன் மேல் உள்ள காற்று கனத்து, மேலெழாமல், மூடுபனியைத் தருமே தவிர மழையைத் தராது. டர்பனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய அதே அட்சரேகையில் உள்ள போர்ட் நோலத்துக்கு 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து வடக்கே நமீப் பாலை தொடங்குகிறது. அங்குள்ள சில வண்டுகள் மூடுபனியில் தலைகீழாக நின்று, உடலில் படியும் நீர்த்துளி வாய்க்கு வழிந்துவரச் செய்து குடிக்கின்றன.

கலஹாரி வேறு வகை. செம்மணல் நிரம்பிய உள்நாட்டுத் தாழ்வான அதில் புல்லும் முள்மரமும் வளரும் அளவுக்கு மழை உண்டு. அங்கோலாவில் பெய்யும் கோடை மழை மாதக்கணக்கில் ஊர்ந்துவந்து, போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ சதுப்பு வெளியில் வறண்ட ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில் வெள்ளமாகப் பரவி, கடலைப் பார்க்காமலே ஆவியாகிவிடுகிறது.

கேள்வி: மற்ற இயற்கைப் பகுதிகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன?

நிலநடுக்கோட்டையொட்டிக் காங்கோ வடிநிலத்தின் மழைக்காடு, அதற்கு இருபுறமும் சவானா, பிறகு சாஹேல் போன்ற அரைவறள் பட்டை, பிறகு பாலை, வட, தென் முனைகளில் குளிர்கால மழை பெறும் புதர்நிலம். வடக்கும் தெற்கும் கண்ணாடியில் தெரிவதுபோல ஒத்துப்போகும் என்று பாடநூல்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கே மேட்டுநிலம் குறுக்கிடுவதால் நிலநடுக்கோட்டிலேயே உள்ள கென்யாவின் பெரும்பகுதி மழைக்காடு அல்ல. தெற்கே ஹைவெல்ட் வெறும் புல்வெளியாக இருப்பதற்கு உயரமும் குளிர்கால உறைபனியும் அடிக்கடி பற்றும் தீயும் காரணங்கள். கேப் பகுதியின் ஃபின்போஸ் தாவரத் தொகுதி பரப்பில் சிறியது, தாவர இனங்களின் எண்ணிக்கையில் உலகின் மிக வளமான இடங்களில் ஒன்று.

கேள்வி: குளிர்காலத்தில் திடீரென்று வரும் வெப்பக் காற்று எங்கிருந்து வருகிறது?

மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடி மாதம் இங்கே குளிர்காலம். அப்போது உள்நாட்டு மேட்டில் காற்றழுத்தம் மிகுந்தும் கடலோரத்தில் குறைந்தும் இருந்தால், காற்று விளிம்பிலிருந்து கீழே வழிகிறது. இறங்கும் காற்று அழுந்துவதால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடாகிறது. அதனால் மேலே குளிர்ந்திருந்த காற்று டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேரும்போது கோடைக் காற்றாகிவிடுகிறது. பெர்க் காற்று எனப்படும் இது அடங்கியதும் பெரும்பாலும் கடற்பக்கத்துக் குளிர்காற்றும் மேகமும் வந்துவிடும்.

கேள்வி: கண்டத்தின் தென்முனை நன்னம்பிக்கை முனைதானே?

இல்லை. அதற்குத் தென்கிழக்கே உள்ள அகல்ஹாஸ் முனையே தெற்குக் கோடி.

கேள்வி: டர்பனிலிருந்து ஒரு நாளில் இவற்றில் எதைப் பார்த்து வரலாம்?

குழந்தைகளோடு போவதானால் ஹோவிக். உம்கேனி அங்கே டோலரைட் என்னும் கடினப் பாறையின் மேலிருந்து 95 மீட்டர் விழுகிறது. பார்வை மேடையிலிருந்தே பாறை அடுக்கு தெரியும். விளிம்பையே ஏறிப் பார்க்க விரும்பினால் சானி கணவாய். ஹிம்வில் பக்கமிருந்து ஏறினால் மணற்கல் முடிந்து பசால்ட் தொடங்குவது வழியிலேயே தெரியும். உச்சி 2,876 மீட்டர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி இல்லாமல் அந்தப் பாதையில் விட மாட்டார்கள். உச்சிக்கு அப்பால் லெசோத்தோ என்பதால் கடவுச்சீட்டும் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை பனி விழக்கூடும்; கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.